பழனாத்தாளின் ‘நல்லாருக்குதுங்க’

நரம்பியல் பிரிவில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளே, நீங்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது அந்த மெஷினைப் பற்றித்தான். “சிஸ்டர், கத்தியே வைக்காம மூளைக்குள்ள வைத்தியம் பண்றதை நீங்க கூடவே நின்னு பாத்தீங்களாமே?” என்று கண்ணை விரித்துக்கொண்டு வருவீர்கள். பார்த்தேன். மெஷினைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கம்பெனிக்காரர்கள் வருவார்கள், படம் போட்டுக் காட்டுவார்கள், பிஸ்கட்டும் டீயும்கூடக் கொடுப்பார்கள். என்னிடம் கேட்டால் நான் நாச்சிமுத்துவின் இடுப்புக் கயிற்றைப் பற்றித்தான் சொல்வேன். பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து போய் டீ குடிக்கலாம்.

நான் பாத்திமா. திண்டுக்கல்லில் பிறந்து, திண்டுக்கல்லிலேயே படித்து, இங்கேயே ஒரு நரம்பியல் கிளினிக்கில் நர்ஸாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள். அத்தா, என் தகப்பனார், பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். அவரைப் பற்றிப் பின்னால் ஓர் இடத்தில் வரும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

முகநரம்பு வலியைப் பற்றி நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். படித்ததை மறந்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், பரீட்சை இருக்கிறது. ஆனால் வலிக்கிறவரை வாசலில் வரும்போதே அடையாளம் தெரியும். மே மாத வெயிலிலும் கன்னத்தைத் துண்டால் மூடியிருப்பார். மின்விசிறிக்கு நேராக உட்கார மாட்டார். பேர் கேட்டால் உதட்டை அசைக்காமல் பல்லிடுக்கில் பதில் சொல்வார். காற்றுப் பட்டால் வலி, பல் துலக்கினால் வலி, சிரித்தால் வலி. பார்க்கிறவர்களுக்கோ முகத்தில் ஒரு காயமும் தெரியாது. வலிப்பதை யாரும் நம்பாதது அந்த வலியைவிடப் பெரிய கொடுமை.

பழனாத்தாள் அப்படித்தான் வந்தார். தொப்பம்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மக்காச்சோளம், கறவை மாடுகள். வயது அறுபதை ஒட்டி இருக்கும். இடது கன்னத்தில் வலி என்றதும் பல்வலி என்று நினைத்து நல்ல கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். அப்புறம் காதுக்குப் பின்னால் திறந்து ஓர் ஆபரேஷன். கொஞ்ச காலம் நன்றாக இருந்து, வலி வேறு வேஷத்தில் திரும்பி வந்துவிட்டது. முன்பு மின்னல் மாதிரி வெட்டிவிட்டுப் போகும். இப்போது நாள் முழுக்க மிளகாய் அரைத்துப் பூசிய எரிச்சல், அதற்கு நடுவில் வெட்டும்.

ஒவ்வொரு முறையும் கூட்டி வருகிறவர் தம்பி நாச்சிமுத்து. கீரனூர்க்காரர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிற வண்டி வைத்திருந்தார். ஆள் நல்ல உயரம், மீசை, ஐம்பது வயது. அக்காவிடம் பேசும்போது மட்டும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு பேசுவார். என்ன கோபமோ, பங்காளிச் சண்டையோ, நமக்கெதற்கு என்று நான் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் டாக்டர் நல்ல மனுஷர், பொறுமைசாலி. பழனாத்தாளிடம் அவர் கேட்பார், “வலி இப்ப எப்படிம்மா இருக்கு? பத்துக்கு எத்தனை போடுவீங்க?”

“நீங்களே பாத்துப் போட்டுக்குங்க சாமி.”

“நான் எப்படிப் போடுறது? வலி உங்களுக்குத்தானே?”

“நல்லாருக்குதுங்க. போன மாத்திரைக்குப் பரவாயில்லீங்க.”

டாக்டர் சந்தோஷப்பட்டு அதே மாத்திரையை எழுதுவார். அடுத்த முறையும் நல்லாருக்குதுங்க. அதற்கடுத்த முறையும் நல்லாருக்குதுங்க. ஆனால் சேலை இடுப்பில் நிற்கவில்லை, அந்த அம்மா பாதியாக இளைத்திருந்தார். ஒருநாள் நாச்சிமுத்து பொறுக்கமாட்டாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“டாக்டருங்க, எங்கக்கா பொய் சொல்லுதுங்க. சோறு உங்கறதே இல்லீங்க. கரைச்ச கூழைச் சாய்ஞ்சு படுத்து ஒரு பக்கமா ஊத்திக்கிதுங்க. ராத்திரியில தொழுவத்துல போய் மாட்டுமேல சாஞ்சு அழுவுதுங்க.”

பழனாத்தாள் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். “ஏண்டா, உன்னைய யாருடா உள்ள கூப்புட்டாங்க? வெளிய போடா. வண்டிய வெயில்ல நிறுத்திப்போட்டு வந்துட்டயா? தக்காளி வெந்து போகட்டும்!”

அந்தக் குரலை நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை. எங்கள் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் அந்த அம்மாவை வெளியே கூட்டி வந்து உட்காரவைத்து, “ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? நெசத்தைச் சொன்னாத்தானே வைத்தியம் பாக்க முடியும்?” என்று கேட்டேன். சொன்ன பதிலை இன்றைக்கும் மறக்கவில்லை.

“அவரு அத்தனை சிரமப்பட்டு ரோசனை பண்ணி மாத்திரை குடுக்கறாருங்க. கேக்கலைன்னு சொன்னா மொகம் வாடிப் போகுமுங்க நர்சம்மா. நமக்காவப் பாடுபடறவங்ககிட்டப் போய் நொட்டம் சொல்றதாங்க?”

பிள்ளைகளே, உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். பழனிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களிடம் கொஞ்ச நாள் பழகிப் பாருங்கள். சாப்பாடு போட்டவர் வீட்டில் குறை சொல்ல மாட்டார்கள், வைத்தியம் பார்த்தவரிடமும் சொல்ல மாட்டார்கள். அது பயம் இல்லை, அறியாமையும் இல்லை. வளர்ப்பு. அந்த மரியாதையே அவர்கள் உயிருக்கு வினையாக வரும்போது என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் கிடையாது.

அதற்குப் பிறகுதான் எங்கள் டாக்டர் புதிய வைத்தியத்தைப் பற்றிப் பேசினார். அந்த மெஷின் எங்கள் ஊரில் இல்லை, தூரத்துப் பெரிய நகரம் ஒன்றில் இருந்தது. கை நடுக்க நோய்க்குத்தான் அதை அதிகம் பயன்படுத்துவார்கள். முக வலிக்கு எல்லாருக்கும் செய்வதில்லை. மண்டையோடு அதற்குத் தோதாக இருக்க வேண்டும், வேறு வழியெல்லாம் அடைபட்டிருக்க வேண்டும், பலன் முழுசாகக் கிடைக்கும் என்ற வாக்குறுதியும் கிடையாது. இதையெல்லாம் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். நாச்சிமுத்து திரும்பத் திரும்பக் கேட்டுப் புரிந்துகொண்டார். பழனாத்தாள் கேட்டது ஒன்றே ஒன்று. “பால் கறக்கலாமுங்களா அப்பறம்?”

கறக்கலாம் என்றார் டாக்டர். விரலில் உணர்ச்சி போகாமல் பார்த்துக்கொள்வார்கள், அதற்காகத்தான் மயக்கம் கொடுக்காமல் பேசிக்கொண்டே செய்கிறார்கள் என்றார்.

அந்த ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா எங்கள் டாக்டரோடு படித்தவர். தெரிந்த முகம் ஒன்று கூட இருந்தால் நல்லது என்று என்னையும் அனுப்பச் சொன்னார். அப்படித்தான் நான் போனேன்.

தலைமுடியை முழுசாக மழிக்க வேண்டும் என்றதும் பழனாத்தாள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “எப்படியும் போற முடிதானுங்களே, முருகனுக்கே போவட்டும்” என்று பழனிக்குப் போய் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் அப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினார். அங்கே இருந்த டெக்னீஷியன் பையன் அதைப் பார்த்துத் தன் தலையில் கை வைத்துக்கொண்டான். தலையைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிற ஒரு தொப்பி போடுவார்கள். எண்ணெய், பசை, ஒட்டியிருக்கும் முடி எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் தோல் சுட்டுவிடும். கழுவுகிற வேலை எனக்கு வந்தது.

வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குத் தலை கழுவிவிட்டிருக்கிறேன். இப்படிக் கழுவியதில்லை. ஒரு சொட்டுக்கூட இடது கன்னத்துக்கு வழியக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, பிழிந்து, வலது பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். பிறந்த குழந்தையின் தலை மாதிரி இருந்தது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“நர்சம்மா, உங்க சாமி கோவிச்சுக்காதுங்களா? சந்தனத்தைத் தொடறீங்களே?”

“எங்க சாமி கோவிச்சுக்காது. உங்க சாமிதான் அம்புட்டுச் சந்தனத்தையும் தொடைச்சுட்டாளேன்னு என்மேல கேஸு போடும்.”

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்ததும் வலி வெட்டியது. உடம்பு முழுக்க விறைத்தது, என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது அடங்கும்வரை இருவரும் அசையவில்லை. சிரிக்க வைத்துவிட்டோமே என்று எனக்கு அழுகை முட்டியது. அவர் கண்ணைத் திறந்து சொன்னார், “ஒண்ணுமில்லீங்க. நல்லாருக்குதுங்க.”

மறுநாள் காலையில் தலையில் பார்க்க இரும்புச் சட்டம் போல, ஆனால் காந்தம் இழுக்காத ஒன்றைப் பொருத்தி, அதை எம்ஆர்ஐ ஸ்கேன் படுக்கையோடு இணைத்தார்கள். வைத்தியம் இதுதான்: மண்டையைச் சுற்றிப் பல திசைகளிலிருந்து அல்ட்ராசவுண்ட் அலைகளை அனுப்பி, மூளையின் ஆழத்தில் வலிச் செய்தி போகிற பாதையில் ஓர் இடத்தில் சேரவிடுகிறார்கள். சேருகிற இடத்தில் மட்டும் சூடு. முதலில் இளஞ்சூடு காட்டுவார்கள். அதில் ஆவது எதுவும் நிலைக்காது, கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடும். இடம் சரி என்று தெரிந்த பிறகே பெருஞ்சூடு. மிளகை விடச் சிறிய ஓர் இடம் அதில் வெந்து அடங்கும். அது நிலையானது, திரும்பப் பெற முடியாது.

சரியான இடத்துக்குப் பக்கத்திலேயே விரலுக்கும் உதட்டுக்கும் தொடு உணர்ச்சி தருகிற இடம் இருக்கிறது. எல்லை தாண்டியிருந்தால் இளஞ்சூட்டிலேயே விரல் மரக்கும், உதட்டில் ஏதோ ஊரும். ஸ்கேன் படம் பாதி சொல்லும். மீதியை நோயாளி வாயால் சொல்ல வேண்டும். உலகத்தில் உள்ள அத்தனை நவீனமும் கடைசியில் ஒரு மனுஷியின் வாய்ச்சொல்லுக்காகக் காத்து நிற்கிறது. அந்த மனுஷியோ பழனாத்தாள்.

ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் படுக்கையை வெளியே இழுத்து, டாக்டரம்மா பக்கத்தில் வந்து கேட்டார். கை, நாக்கு, உதடு, பேச்சு. பழனாத்தாள் எல்லாவற்றுக்கும் நல்லாருக்குதுங்க என்றார். வலது கையில் அவசரத்துக்கு அழுத்த ஒரு பொத்தான் கொடுத்திருந்தார்கள். அதன்மேல் விரல்கூட வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றினார்கள். மறுபடியும் கேட்டார்கள். நல்லாருக்குதுங்க.

நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். முகம் எனக்குத் தெரியாது, கைகள்தான் தெரியும். இடது கையின் பெருவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நிறுத்தும், மறுபடி தேய்க்கும். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. என் அத்தா! தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீரில் நாள் முழுக்க ஊறிய கையோடு வீட்டுக்கு வருவார். விரல் மரத்துப் போயிருக்கும். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து இப்படித்தான் விரலை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார், உணர்ச்சி வந்துவிட்டதா என்று.

“அடுத்தது நிரந்தரமா பண்ணிரலாம்” என்று டாக்டரம்மா பக்கத்துக் கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் காலையிலிருந்து நின்று களைத்திருந்தார்கள். படம் சரியாக இருந்தது. நோயாளியும் நல்லாருக்குது என்கிறார். நான் வெளியூர்க்காரி, இடம் கொடுத்து நிற்க வைத்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் மரியாதை. அந்த நேரத்தில் எனக்கும் பழனாத்தாளின் நோய்தான் பிடித்திருந்தது, யார் முகமும் வாடிவிடக் கூடாது என்கிற நோய்.

“டாக்டர், செத்த நேரம் பொறுங்க” என்றேன்.

திரும்பிப் பார்த்தார். விரலைப் பற்றிச் சொன்னேன். அவர் உடனே வந்து கேட்டார், “அம்மா, இடது கை விரல் மரத்த மாதிரி இருக்கா?”

“இல்லீங்க கண்ணு. நல்லாருக்குதுங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கோபமில்லை, நியாயமான கேள்விதான். “அவங்க இல்லைங்கறாங்களே சிஸ்டர். நீங்க எதை வச்சுச் சொல்றீங்க?”

“எனக்கும் நிச்சயமாத் தெரியாது டாக்டர். ஆனா இவங்க வாயில வர்றதை நம்பி நாங்க ஒருதடவை நல்லா ஏமாந்திருக்கோம். இவங்க நெசம் பேசுறது உலகத்துல ஒரே ஆளுகிட்டத்தான். வெளிய உக்காந்திருக்காரு. அவரைக் கேக்கச் சொல்லுங்க.”

அந்தம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். தன் ஆஸ்பத்திரி, தன் மெஷின், தன் முடிவு. அதையெல்லாம் மீறி, “கூட்டிட்டு வாங்க” என்றாரே, அதற்காகவே அவரை நான் பெரிய டாக்டர் என்பேன்.

எம்ஆர்ஐ அறை என்பதால் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. நாச்சிமுத்து கைக்கடிகாரத்தைக் கழற்றினார், செல்போன், சாவி, சில்லறை எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். அப்புறம் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னும் என்ன?” என்றேன்.

“அர்ணாக்கொடிங்க. வெள்ளி.”

“அதையும் கழட்டுங்க.”

அவர் முகம் கறுத்துப் போயிற்று. “அதை உசுரோட கழட்டறதில்லீங்க நர்சம்மா. கட்டைக்குப் போறப்பத்தான் அறுப்பாங்க. வெறும் இடுப்போட ஆம்பள நிக்கக் கூடாதுங்க. அதுவும் அக்கா உள்ள இப்படிப் படுத்திருக்கறப்ப… அபசகுனமுங்க.”

டெக்னீஷியன் பையன், வெள்ளிதானே, நாலு பேரைக் கேட்டுப் பார்க்கலாமா என்று இழுத்தான். நான் வேண்டாம் என்றேன். கொக்கி என்ன உலோகமோ, யார் கண்டது. ஆனால் அந்த மனுஷரிடம் சும்மா கழட்டு என்று சொல்லவும் வாய் வரவில்லை. உள்ளே அக்கா, வெளியே தம்பி, நடுவில் ஒரு முழ வெள்ளி. எனக்கு என்ன தோன்றியதோ, டிராலியில் இருந்த, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை எடுத்து நீளமாகக் கிழித்து முறுக்கினேன்.

“சட்டையைத் தூக்குங்க. முதல்ல இதைக் கட்டுறேன். அப்புறம் அதைக் கழட்டுங்க. இடுப்பு ஒரு நொடிகூட வெறுமனே இருக்காது.”

மீசை வைத்த அந்த ஆள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். கட்டிவிட்டேன். அதற்கப்புறம்தான் வெள்ளியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “நீங்களே வச்சுக்குங்க. தரையில வெச்சறாதீங்க” என்றார். என் கோட்டுப் பையில் போட்டு, உள்ளே கொண்டு வராமல் வாசலில் இருந்த பெண்ணிடம் கோட்டையே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

தம்பியின் தலை தெரிந்ததும் பழனாத்தாள் ஆரம்பித்துவிட்டார்.

“நீ எதுக்குடா இங்க வந்த? மாட்டுக்குத் தண்ணி காட்டுனாங்களான்னு போன் போட்டுக் கேட்டயா?”

நாச்சிமுத்து வழக்கம்போல முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார். “அதெல்லாம் காட்டியாச்சு. கை எப்படி இருக்குது? நெசத்தைச் சொல்லு.”

“கையா? பெருவெரலும் பக்கத்து வெரலும் என்னோடதாட்டவே இல்லடா. ஒதட்டோரம் எறும்பு ஊருது. அந்தப் புள்ள காத்தாலிருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம நிக்குது, அதுகிட்டப் போயி இதையெல்லாம் சொல்லச் சொல்றியா? போ, போய்ச் சோறு தின்னு.”

‘அந்தப் புள்ள’ என்று பேர் வாங்கிய டாக்டரம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். குனிந்து பழனாத்தாளின் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டர் அறைக்குப் போய், குறியை நூலளவு நகர்த்தினார்.

மறுபடியும் இளஞ்சூடு. இந்த முறை கேட்டது தம்பி. “வெரலு?” “இப்ப என்னோடதுதான்டா, தொணதொணங்காத.” “ஒதடு?” “எறும்பு போயிருச்சு. நீ எப்பப் போவ?” அந்த அறையில் அன்றைக்கு ஒரு புதுச் சட்டம் வந்தது: திட்டு விழுந்தால் பதிலை நம்பலாம். இரண்டு முறை சரிபார்த்தார்கள். இரண்டு முறையும் நல்ல திட்டு. அதற்குப் பிறகே டாக்டரம்மா பெருஞ்சூடு கொடுத்தார்.

அது முடிந்து படுக்கை வெளியே வந்தபோது பழனாத்தாள் பேசவில்லை. கண் மூடியிருந்தது. நான் மனசுக்குள் துவா ஓதிக்கொண்டிருந்தேன். நாச்சிமுத்து பதறிப்போய் எல்லாவற்றையும் மறந்து அக்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்துவிட்டார்.

“அக்கா! அக்கா, என்னாச்சு? பேசக்கா!”

கேட்ட மாத்திரத்தில் தீப்பட்டவர் மாதிரி பின்னால் துள்ளினார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடமும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியது கோபத்தில் இல்லை. தன் மூச்சுக்காற்று அக்காவின் கன்னத்தில் பட்டுவிடக் கூடாதே என்று! அவர் மூச்சு இப்போது இடது கன்னத்தில் நேராக விழுந்திருந்தது. எல்லாரும் அந்த வெட்டு வருவதற்காகக் காத்து நின்றோம்.

பழனாத்தாள் மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

“டேய், பீடி குடிச்சயாடா?”

நாச்சிமுத்து பொத்திய கையை எடுக்காமல் இன்னும் ஓரடி பின்னால் போனார்.

“விட்டுட்டேன்னு என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணுனயேடா, படுபாவி! நாத்தம் கொடலைப் பொரட்டுது!”

நாற்றம் மட்டும்தான் தெரிந்தது, வலி தெரியவில்லை. அது அவருக்கே ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. திட்டிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றது. “நாச்சி” என்றார், குரல் மாறிவிட்டது. “இன்னொருக்கா ஊதுடா.”

அவர் மாட்டேன் மாட்டேன் என்று தலையாட்டினார். ஊதச் சொல்லி அக்கா அதட்டினார். ஊதினார். அதற்குமேல் அந்த மனுஷரால் நிற்க முடியவில்லை. காஸ் துணி கட்டிய இடுப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பினார். டாக்டரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திரும்பவில்லை. ஓய்வு பெறப் போகிறவளுக்கு என்ன வெட்கம், நன்றாகவே அழுதேன்.

கதை அதோடு சுபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எரிச்சல் முழுசாகப் போகவில்லை. குளிர்காலத்தில் கொஞ்சம் தலைகாட்டும், ஒரு மாத்திரை இன்னமும் உண்டு. ஆனால் வெட்டுவது நின்றது. துண்டு இல்லாமல் வெளியே வருகிறார். மாடு கறக்கிறார். நாச்சிமுத்துவிடம் வெள்ளிக் கொடியைத் திருப்பிக் கொடுத்தபோது அதை மறுபடி கட்டிக்கொண்டார். காஸ் துணியைக் கழற்றவில்லை. கட்டினதைக் கழட்டக் கூடாதாம். அது தானாக நைந்து விழும்வரை இரண்டும் இடுப்பில் இருந்ததாகக் கேள்வி.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நோயாளி நல்லாருக்கு என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அவர் யாரைத் திட்டுவார் என்று கண்டுபிடியுங்கள். மகளோ, தம்பியோ, பக்கத்து வீட்டுக்காரியோ, யாரோ ஒருவர் எங்கேயாவது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவரை உள்ளே கூப்பிடுங்கள். உங்கள் அதிகாரம் ஒன்றும் குறைந்துவிடாது.

நான் ஓய்வு பெற்ற பிறகு அக்காவும் தம்பியும் ஒருநாள் பேகம்பூரில் என் வீட்டைத் தேடிப் பிடித்து வந்தார்கள். கையில் தூக்குப் போசி நிறையப் பால். பழனாத்தாளின் தலையில் முடி காதளவு வளர்ந்திருந்தது. சாப்பிடாமல் விட மாட்டேன் என்று உட்கார வைத்தேன். நெய்ச்சோறும், பருப்பில் கறி போட்டுப் புளி விட்ட தால்ச்சாவும் செய்திருந்தேன். கறித்துண்டை எடுத்து இடது கடைவாயில் ஒதுக்கி, இருக்கிற பல்லால் நிதானமாக மென்றார். மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷி கறி மெல்லுவதைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட முடியும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

“எப்படிக்கா இருக்கு?” என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும். எத்தனை வருடமாகக் கேட்ட பதில்! நாச்சிமுத்துகூடத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பழனாத்தாள் மென்று முழுங்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம் பாத்துமா, உப்பே பத்தலையே. புளியும் எச்சு. என்னத்தத்தான் சமைச்சயோ போ.”

நாச்சிமுத்து கையில் எடுத்த சோற்றோடு நிமிர்ந்தார். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் உப்பு எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனேன். உப்பு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே வர முடியாமல் அங்கேயே நின்றேன்.

“உப்பெடுக்கப் போனவ தூத்துக்குடிக்கே போயிட்டயா?” என்று கூடத்திலிருந்து திட்டுக் கேட்டது.